பல்லாவரத்தில் எழும்பின பிளேன்

பிளேன் எண்டால் எங்கட தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வாறது கிபிர்தான். வன்னிப் பிள்ளைகளான நாங்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கப் பழகினதே பங்கருக்குள் ஓடத்தான். ஆனால் 1910 இல் சென்னைச் சனம் பிளேன் பார்க்க ரிக்கற் எடுத்துப் போனது. அந்தக் கதை எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பிளேனின் சொந்தக்காரர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கோர்சிகாத் தீவில் இருந்து வந்து, சென்னை மவுண்ட் ரோட்டில் தன் பெயரிலேயே பெரிய ஹோட்டல் நடத்திய பணக்காரர். 1909 ஜூலை 25 இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்தச் செய்தியோடு டி ஏஞ்சலிஸுக்கும் பறக்கிற விசர் பிடித்தது. ஐரோப்பாவில் இருந்து ஒரு பிளேனை இறக்கியிருக்கலாம். அவரோ, குதிரை வண்டிகளுக்குப் பெயர்போன சிம்சன் கொம்பனியிடம் குடுத்துச் சென்னையிலேயே செய்வித்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அது எழும்பியது. பிறகு தீவுத்திடலில் சனத்துக்குக் காட்டினார்.

ஆனால் இந்திய விமான வரலாறு எண்டு பேசத் தொடங்கினால் பெரும்பாலும் 1911 பெப்ரவரி 18 தான் முன்னுக்கு வரும். அலகாபாத்தில் இருந்து நைனிக்கு ஆன்றி பெக்கே கிட்டத்தட்ட 6,500 கடிதங்களோடு பறந்த நாள் அது. அந்தக் கடிதங்களில் விசேட தபால் முத்திரை குத்தியிருந்தார்கள். முத்திரை குத்தின கடிதத்தைச் சேகரிப்பாளர்கள் பத்திரப்படுத்தினார்கள். பதினொரு மாதம் முந்திப் பறந்த டி ஏஞ்சலிஸுக்கு அப்படி ஒண்டும் வாய்க்கவில்லை.

அவரை எங்கட காலத்து வாசகரிடம் கொண்டுவந்தவர்களில் எஸ். முத்தையா முக்கியமானவர். கொழும்பில் 'டைம்ஸ் ஒஃப் சிலோன்' பத்திரிகையில் வேலை செய்து, 1968 இல் சென்னைக்குப் போனவர். 2019 இல் இறக்கும்வரை அந்த நகரத்தின் பழைய கதைகளைத் தேடித்தேடி எழுதினார்.

பறந்தது பணத்தாலும் துணிச்சலாலும். வரலாற்றில் நிண்டது, ஆரோ எழுதி, ஆரோ அதை வைத்திருந்ததால்.

1981 இல் யாழ் நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வன்னியில் ஒவ்வொரு இடப்பெயர்விலும் அல்பம், உறுதி, பள்ளிக்கூட மலர் எல்லாம் வழியில் விடுபட்டன. எங்கட ஊருக்கு முதல் உழவு இயந்திரம் கொண்டுவந்தது ஆர்? முதல் படம் காட்டினது ஆர்? சொல்லக்கூடிய அம்மம்மா, அப்பப்பாமார் இன்னும் இருக்கினம். ஒரு கொப்பியோடு போய்க் கேட்டு எழுதுவம்.