பொன் வேய்ந்தவர்களும் கவரிங்காரிகளும்

கெடாரில் என் ஃபேன்ஸி கடைக்கு வருகிறவர்கள் ஒரே சரக்குக்கு வயசுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். கிழவிகளுக்கு அது கில்ட்டு. அம்மா வயசுக்காரர்களுக்கு ரோல்டு கோல்டு. எனக்குக் கவரிங். காலேஜ் பிள்ளைகள் 'ஒன் கிராம் கோல்டு' கேட்கிறார்கள். ஒரு கிராம் தங்கம் இருந்தால் இந்த விலைக்கு நான் எப்படித் தர முடியும்?

மேலே தங்கம் போர்த்தும் இந்த வேலையை ராஜாக்கள் செய்தபோது அதற்குப் பெயர் பொன் வேய்தல். எங்கள் பக்கம் கரும்புத் தோகையால் கூரை வேய்கிறோமே, அந்த வேய்தல்தான். தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று முதலாம் பராந்தகனைச் (907–955) சோழர் செப்பேடு புகழ்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தர பாண்டியன் தில்லையிலும் திருவரங்கத்திலும் பொன் வேய்ந்து, அதையே பட்டமாகப் போட்டுக்கொண்டான். கோயில் விமானமென்றாலும் அடியில் பெரும்பாலும் செம்புத் தகடுதான். அவர்களுக்குப் பட்டம், பெண் கழுத்தில் அதுவே கிடந்தால் கல்யாண வீட்டில் தகராறு.

பழைய முலாம் நெருப்பு வேலை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, செம்பில் தடவிச் சூடு காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புகையைக் குடித்தவர்களுக்குக் கை நடுக்கம் வந்தது. 1840இல் இங்கிலாந்தில் எல்கிங்டன் குடும்பத்தார் மின்சார முலாமுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ராஜா வீட்டு வேலை சந்தைக்கு இறங்கிய வழி அதுதான்.

முலாம் இப்படிச் சந்தைக்கு வந்தது; அசல் தங்கத்துக்கோ 1963 ஜனவரியில் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். 22 காரட்டிலேயே கை பழகிய பத்தர்கள் பிழைப்பில்லாமல் தவித்தார்கள். 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் போனது.

எனக்குச் சரக்கு சிதம்பரத்திலிருந்து வருகிறது. பராந்தகன் வேய்ந்த ஊரே இன்று கவரிங்குக்குப் பேர்போனது! சங்கிலியில் முதலில் பல்லிளிப்பது கொக்கியும் பின்கழுத்தில் உரசும் இடமும். வேர்வையும் சோப்பும் சேர்ந்து செம்பைக் காட்டிவிடும்.

கரும்பு நடவுச் சமயத்தில்தான் வியாபாரம். தாலிச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு வந்து கவரிங் வாங்கிப் போவார்கள். ஆலைப் பணம் வந்து நகையை மீட்டதும், "இதைத் திருப்பி எடுத்துக்குவியா அக்கா?" என்பார்கள் சிலர். எடுத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த நடவுக்கு வேண்டியிருக்கும், பீரோவில் வை என்று அனுப்பிவிடுவேன்.