களத்தில் கற்ற மரியாதை

சிலம்பம் பழக வருகிற பிள்ளை முதலில் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். ஆசானை வணங்குகிறான். பிறகு, எதிரே கம்போடு நிற்பவனையும் வணங்குகிறான். மோதப் போகிறவனை வணங்குவானேன்? இதற்கு விடை காண நம் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

1801ஆம் ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில், தென்பாளையங்களின் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமெனச் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஆணையிட்டார். வாளையும் வேலையும் பறிக்கலாம். மாடு மேய்ப்பவன் கைக்கம்பை யாரால் பறிக்க முடியும்? கம்பு விளையாட்டு ஊர்ப்புறங்களில் நிலைத்தது.

நம் முன்னோர் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் வந்தார்கள். ஒப்பந்தமுறை 1910இலும், கங்காணி வழி ஆளெடுப்பு 1938இலும் முடிவுக்கு வந்தன. வந்தவர்களோடு சிலம்பமும் வந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் கம்பு சுழன்றது.

காலையில் பெரட்டுக்களத்தில் தொழிலாளி கைகட்டி நின்றான். அது பயத்தினால் வந்த பணிவு. கீழிருந்து மேலே மட்டும் சென்றது. சிலம்பக் களத்திலோ வணக்கத்திற்குப் பதில் வணக்கம் உண்டு. வலியவனும் எளியவனை வணங்கியே கம்பெடுக்க வேண்டும். மரியாதை இருவழிப் பாதை என்பதை நம்மவர் அங்கே கண்டார்கள்.

களத்தின் ஒழுங்குகள் வீண் சடங்குகள் அல்ல. செருப்பை வெளியே விடுவதால் களம் சுத்தமாகிறது. கால் நிலத்தை உணர்கிறது. கம்பு சுழலும் வட்டத்துக்குள் நுழையாதிருந்தால் மண்டை தப்புகிறது. ஆசான் நிறுத்தென்றால் அக்கணமே நிற்க வேண்டும். புதியவனோடு ஆடும் மூத்த மாணவன் வேகத்தைக் குறைக்க வேண்டும். தொட்டால் போதும், நோகடிக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் மீண்டும் வணங்குவது, பட்ட அடி பகையாக வீட்டுக்குப் போகாதிருக்கவே.

பிறரும் இதையே கண்டனர். 1882இல் தோக்கியோவில் ஒரு புத்த கோயிலில் ஜூடோ பள்ளி தொடங்கிய ஜிகோரோ கானோ, பயிற்சியால் இருவரும் நலம் பெறவேண்டும் என்பதைக் கொள்கையாக்கினார். நம் மலாய்ச் சகோதரர்களின் சீலாட் கலையிலும் ஆசானுக்கும் எதிராளிக்கும் வணக்கமுண்டு. 2019இல் யுனெஸ்கோ அக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

இன்று ஜொகூரில் பிளெந்தோங் வட்டாரத்துத் தோட்டங்கள் பல குடியிருப்புகளாகிவிட்டன. பெர்மாஸ் ஜெயா போன்ற இடங்களில் நம் பிள்ளைகள் பயிற்சி மண்டபங்களுக்குப் போகிறார்கள். மண்தரை போய் மெத்தை விரிப்பு வந்திருக்கலாம். ஆனால் அடிக்கக் கற்றவன் அடக்கம் கல்லாவிட்டால், வித்தை தெருச்சண்டைக்குக் கூலியாகிவிடும். அதனால் சிறை செல்வதும் உயிர் போவதும் நம் வீட்டுப் பிள்ளைக்கே.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பயிற்சியிலிருந்து திரும்பியதும், “இன்று யாரை வென்றாய்?” என்று கேட்காதீர்கள். “எதிரே நின்றவனை வணங்கினாயா?” என்று கேளுங்கள்.