உறையைப் பிரிக்காமல்...

1806, ஜூலை 9. வேலூர்க் கோட்டைக்குள் கல்யாணக் களை! அங்கே கம்பெனியின் காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில், மகள் ஒருத்திக்கு நிக்காஹ். வழக்கமாக வெளியே பேட்டையில் தூங்கும் சிப்பாய்கள் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள். மறுநாள் அதிகாலை அணிவகுப்பு. காரணம் நியாயமாகத்தானே இருக்கிறது!

இரவு ரோந்து போகவேண்டிய வெள்ளைக்கார கேப்டன் 'நீ போய் வா' என்று சுபேதாரிடம் சொல்ல, சுபேதார் அந்த வேலையை ஜமேதார் ஷேக் காசிமிடம் தள்ளிவிட்டார். ஷேக் காசிம் யார் தெரியுமா? கலகத்தின் தலைவர்களில் ஒருவர்! சில மணி நேரத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் செத்தார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து, ஈவிரக்கமில்லாமல் பழி தீர்த்தது தனிக்கதை.

கம்பெனிக்கு ஒன்றுமே தெரியாதா? தெரியும். ஜூன் 17-ம் தேதியே முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டார். கர்னல் என்ன செய்தார்? இந்திய அதிகாரிகளைக் கூட்டி விசாரிக்கச் சொன்னார். சதியில் பங்குள்ளவர்களே விசாரித்தால்..? 'இவனுக்குப் பைத்தியம்' என்று தீர்ப்பு! முஸ்தபா பேக்கைக் காவலில் போட்டார்கள்.

இன்றைய கோட்டைகள் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகள். ஆம்பூரிலிருந்து ஷூ அனுப்பும் கம்பெனி, ஜெர்மனி வியாபாரிக்கு இன்வாய்ஸ் அனுப்பும்போது அது வழியில் பூட்டுப்போட்ட பெட்டியாகத்தான் போகிறது. 'டிஎல்எஸ்' என்பார்கள். பிரவுசரில் சின்னப் பூட்டுப் படம் பார்த்திருப்பீர்களே, அதுதான். நல்ல விஷயம்தான். ஆனால் திருடனுக்கும் அதே பூட்டு கிடைக்கிறது! உள்ளே நுழைந்த வைரஸ் தன் எஜமானனோடு அதே பூட்டைப் போட்டுக்கொண்டு பேசுகிறது. வாசல் காவலாளிக்குத் தெரிவதெல்லாம் பெட்டி மட்டும்தான்.

ஒரு வழி, வாசலிலேயே எல்லாப் பெட்டியையும் உடைத்துப் பார்த்து மறுபடி பூட்டி அனுப்புவது. பல பெரிய கம்பெனிகள் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், உங்கள் பேங்க் பாஸ்வேர்டும் அந்தக் காவலாளி கண்ணில் படும். அந்தக் கருவியே ஓட்டையாக இருந்தால்? ஷேக் காசிம் ரோந்து போன கதைதான்! இப்படி நடுவில் பிரிப்பதே பூட்டைப் பலவீனமாக்கலாம் என்று 2017 மார்ச்சில் அமெரிக்க அரசின் 'யுஎஸ்-செர்ட்' எச்சரித்தது.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. பிரிக்கவே வேண்டாம். பெட்டி எங்கே போகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு கனம் என்று மட்டும் கவனிப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டர், அறுபது செகண்டுக்கு ஒருமுறை முன்பின் தெரியாத முகவரிக்கு 'நான் இருக்கேன்' என்று துளித்துளியாக அனுப்பினால், எந்த குமாஸ்தா செய்வார் அந்த வேலையை? பூட்டுப் போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும் முதல் வணக்கத்திலேயே புரோகிராமின் சாயல் தெரிந்துவிடும். 2017-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஜேஏ3' முறை, அந்த வணக்கத்தைக் கைரேகை மாதிரி பதிவு செய்கிறது. கைரேகையையும் மாற்றிக்கொள்ளும் கில்லாடிகள் உண்டு என்பது வேறு விஷயம்.

சரி, கண்டுபிடித்துச் சொல்லியாகிவிட்டது. கேட்பார்களா?

2019 செப்டம்பர் 4-ம் தேதி, மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு இந்திய அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் சொன்னது: உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ். இடம் நம்ம கூடங்குளம்! அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே கசிந்தபோது, 29-ம் தேதி 'அப்படியெல்லாம் இல்லை' என்று மறுப்பு வந்தது. மறுநாளே, 30-ம் தேதி, 'வைரஸ் இருந்தது உண்மை' என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர் அது. அணுஉலையை இயக்கும் நெட்வொர்க் தனி, அதற்கு பாதிப்பில்லை என்றது. வயிற்றில் பால் வார்த்தார்கள். ஆனால் அந்த ஒருநாள் மறுப்பு எதற்காம்?

கலகம் அடங்கியபிறகு முஸ்தபா பேக்குக்கு 2,000 பகோடா பரிசும், சுபேதார் பென்ஷனும் கொடுத்தது கம்பெனி.