ஆறில்லாத ஊரின் மீன்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை என்பதைப் பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. தெல்லிப்பழைப் பக்கத்தில் தோன்றி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக மாரியில் மட்டும் ஓடி, அராலியில் கடனீரேரியைச் சேரும். அந்தக் கடனீரேரியின் மறுகரையில் இருப்பதுதான் வேலணை. வேலணைக் கரையிலுள்ள துறைக்கும் அராலித்துறை என்றே பெயர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரமொன்றின் பெயரால் லெய்டன் என்று அழைத்த இந்தத் தீவுக்கு வழுக்கையாறு போன்ற ஒரு மாரிக்கால ஆறுகூட வாய்க்கவில்லை. வாய்த்தவை குளங்களும் கேணிகளும் கிணறுகளுமே. வேலணையில் கோயிலுக்கே 'பெருங்குளம்' முத்துமாரி அம்மன் கோயில் என்று பெயர் வழங்குவது தற்செயல் அன்று.

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் நிரம்பி, கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் காய்ந்து கிடக்கும் குளத்தில், அடுத்த மாரி பிறந்ததும் மீன் எங்கிருந்து வருகிறது? நம் முன்னோர்களுக்கு இது புதிராக இருந்ததில்லை. விரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், பனையேறிக் கெண்டை தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வரால், கெண்டை, அயிரை, வாளை என்று சங்கப் பாடல்களே வயல் நீரின் மீன்களைப் பெயர் சொல்லிப் பேசுகின்றன. புதிராக இருந்தது ஐரோப்பியருக்குத்தான்.

அந்தப் புதிரின் வரலாறு நமக்கு அயலிலேயே தொடங்குகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால், சோழமண்டலக் கரையில் இருக்கும் தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் வசம் இருந்தது. 1771 இல் அங்கு வந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜோன் என்ற மிஷனரி, சமயப் பணியோடு இயற்கை ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர். அவர் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் புளோக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். அக்காலத்தின் மிகப் பெரிய மீனியல் நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டுக்கொண்டிருந்தவர் புளோக். பனையேறிக் கெண்டைக்கு அவர் 1792 இலும், விராலுக்கு 1793 இலும் இலத்தீன் பெயர் சூட்டினார். இன்றும் உலகெங்கும் அறிவியலாளர் விராலின் பெயரை எழுதும்போது பக்கத்தில் புளோக்கின் பெயரையும் அந்த ஆண்டையும் சேர்த்தே எழுதுகின்றனர்.

இதே தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டோர்ஃப் என்ற டேனியப் படை அதிகாரி, 1791 இல் ஒரு குளக்கரைப் பனையில், தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். இலண்டன் லின்னேயன் சங்கம் 1797 இல் அதை வெளியிட்டது. மீன் மரமேறுமா என்ற வாதம் ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேல் நடந்தது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக 1845 இல் வந்த எமர்சன் டெனன்ட், 1859 இலும் 1861 இலும் வெளிவந்த தம் நூல்களில், வற்றிய குளத்துச் சேற்றுக்குள் மீன்கள் புதைந்து கிடப்பது பற்றியும் தரைமீது பயணிக்கும் மீன்கள் பற்றியும் விரிவாக எழுதினார். இறுதியில் பி. கே. தாஸ் என்ற இந்திய விலங்கியலாளர் 1927 இல் ஒரு விளக்கம் தந்தார். மழைக்காலத்தில் தரையில் ஊரும் மீனைக் காகமும் பருந்தும் கவ்விச் சென்று மரத்தில் வைத்துவிடுகின்றன, மீன் தானாக ஏறுவதில்லை என்பதே அது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருப்பதால், நீரில்லாமலும் அது நெடுநேரம் உயிர் தரித்திருக்கிறது.

இவ்வரலாற்றில் மிஷனரியின் பெயர் உண்டு, மருத்துவரின் பெயர் உண்டு, படை அதிகாரியின் பெயரும் உண்டு. 'பனையேறி' என்ற சொல்லை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழனின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. கரப்புக் குத்தி மீன் பிடித்த அந்தப் பெயரற்றவர்களின் அறிவுதான் பெர்லின் வரை போனது.

குளத்து நீருக்கும் கிணற்று நீருக்கும் உள்ள உறவும் இத்தகையதே. தீவின் அடியில் கடல்நீர் இருக்கிறது. மழைநீர் அதைவிட இலேசானது. ஆகவே நிலத்தில் ஊறிய நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்று 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஒல்லாந்தப் பொறியியலாளர் கணித்தார். கணக்கை மறுபக்கமாகப் பார்த்தால் அச்சம் வரும். மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடியை உப்பு பிடித்துக்கொள்ளும். வேலணையில் சாட்டியின் மணற்பாங்கான நிலம் இவ்வாறு நன்னீரைத் தாங்கி நிற்பதால்தான் தீவகத்தின் தாகம் தீர்ந்து வந்திருக்கிறது. குளத்தில் தேங்கும் நீரே இந்த வில்லைக்கு ஊட்டம். விரால் வாழும் குளம் இல்லையேல் குடிக்கும் கிணறும் இல்லை.

1990 களின் தொடக்கத்தில் போர் தீவக மக்களைப் பெயர்த்தெறிந்தது. ஊரே வெளியேறியபின் குளத்தைத் தூர்வார யார் இருந்தனர்? ஒரு குளம் தூர்ந்து மேடாவதற்குப் பகைவர் எவரும் வேண்டியதில்லை, கவனிப்பாரற்றுப் போனால் போதும். போர் முடிந்தபின் வேறோர் ஆபத்து வந்தது. காய்ந்த குளம் பலர் கண்ணுக்கு வெறும் காணியாகத் தெரிகிறது. ஆடியில் மண் கொட்டி நிரவினால், அடியில் மாரிக்காகக் காத்துக் கிடக்கும் உயிர்களையும் சேர்த்தே புதைக்கிறோம். அவை செத்தது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தீவக மக்கள் ஊர்க் கோயில்களின் திருப்பணிக்கு வாரி வழங்குகின்றனர். அது போற்றத்தக்கது. கோபுரத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை அக்கோயிலின் குளத்துக்கும் கொடுத்தால் என்ன? தூர்வாரலும், வரம்பு கட்டலும், நீர் வந்து சேரும் வாய்க்காலைத் திறந்துவிடலும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. முதியவர்களிடம் மீன்களின் ஊர்ப்பெயர்களைக் கேட்டு எழுதிவைப்பதற்கோ செலவே இல்லை. இந்த முறையாவது சொல்பவரின் பெயரையும் சேர்த்து எழுதிவைப்போம்.