ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு தொட்டி

நெய்வேலியில் நிலக்கரி எடுக்கப் போனவர்கள் முதலில் மல்லுக்கட்டியது தண்ணீரோடுதான். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் நிலத்தடி நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டுகிறது. அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காமல் மேல்மண்ணை வாரினால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பீறிடும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்ததுதான் இந்த ஊரின் தொடக்கக் கதை. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது, மறு ஆண்டே முதல் அலகில் மின்சாரம் பிறந்தது. அத்தனை காலமும் பம்புகள் இராப்பகலாக ஓடின.

நீரின் குணம் அறிந்த பொறியாளர்கள் சும்மா ஊர் கட்டுவார்களா? முந்திரித் தோப்பும் செம்மண்ணுமாக இருந்த இடத்தில் கோடு போட்டாற்போல் சாலைகள், ‘வட்டம்’ என்று எண் போட்ட குடியிருப்புகள், குழாயில் குடிநீர், மரநிழல். போன நீர் திரும்பவும் பாதாளக் குழாய்களில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். நகரியத்து குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கழிவறை என்பது தண்ணீர் ஊற்றியதும் முடிந்துபோகும் சமாச்சாரம். அடைப்பு என்றால் ஒரு புகார் எழுதிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டினால் அந்தக் குழாய் கிடையாது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு மாற்று மனைகளில் குடியேறியவர்கள், மந்தாரக்குப்பம் கடைத்தெருவை நம்பி வந்தவர்கள், பணி ஓய்வில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரிலோ வடக்குத்திலோ வடலூரிலோ வீடு கட்டியவர்கள் என எல்லோரும் தோட்டத்து மூலையில் ஒரு செப்டிக் டேங்கைத் தோண்டிக்கொண்டார்கள். முப்பது வருஷம் டர்பைனைப் பராமரித்தவர் ஓய்வுக்குப் பிறகுதான் முதன்முதலாகத் தன் வீட்டுக் கழிவுக்குத் தானே பொறுப்பாகிறார். பொறுப்பு என்றால் என்ன என்பது தொட்டி நிரம்பி, கழிவறைப் பீங்கானில் நீர் இறங்காமல் நிற்கும் நாளில்தான் தெரியவரும்.

இந்தத் தொட்டி பிறந்ததே ஒரு மனக்கோட்டையோடு. பிரான்சின் வெசூல் நகரில் ழான் லூயி மூரா என்பவர் 1860 வாக்கில் வீட்டுக் கழிவு விழ ஒரு கட்டுத் தொட்டி அமைத்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தால், மலை மாதிரி கிடக்க வேண்டிய திடக்கழிவைக் கிட்டத்தட்டக் காணோம். அறிவியல் பத்திரிகை நடத்திய பாதிரியார் முவாஞோவின் துணையோடு 1881இல் காப்புரிமை வாங்கினார். தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும் தொட்டி என்றுதான் அது விளம்பரமாயிற்று. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் கழிவைச் செரித்திருந்தன. ஆனால் முழுக்கச் செரிப்பதில்லை. செரியாத கசடு அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே ஆடை கட்டும், நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியேறும். கசடு ஏற ஏற நடுவில் இடம் சுருங்கிக்கொண்டே வரும். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் டொனால்ட் கேமரன் இதை மெருகேற்றி ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயரைச் சூட்டினார். தொட்டியிலிருந்து வந்த வாயுவைக் கொண்டு அங்கே விளக்கும் எரித்தார்கள்.

இந்தியாவுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 1897இல் பம்பாய் மாட்டுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தில் அமைந்த தொட்டி, கழிவிலிருந்து எரிவாயு எடுத்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று. கிழக்கே ஹூக்ளிக் கரையில் இருந்த சணல் ஆலைகளுக்கோ வேறு கவலை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், நாற்றம், காலரா. ஆலை முதலாளிகள் வரிசையாக செப்டிக் டேங்குகள் கட்டினார்கள், வெளியேறும் நீரை ஆற்றில் விட்டார்கள். புனித நதியில் இதுவா என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்த நீரைச் சுத்தப்படுத்த முடியுமா என்று ஆராய 1906இல் மான்செஸ்டரிலிருந்து கில்பர்ட் ஃபவுலர் அழைக்கப்பட்டார். அவர்தான் 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தவர். தொழிலாளர் குடியிருப்பும் கழிவுநீரும் சேர்ந்தே பேசப்பட்டது நெய்வேலிக்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்துவிட்டது.

பொறியாளர்கள் ஒருபோதும் மூராவின் மனக்கோட்டையை நம்பவில்லை என்பதற்கு அவர்களது அட்டவணையே சாட்சி. மத்திய அரசின் கழிவுநீர்க் கையேட்டில் ஐந்து பேர் குடும்பத்துக்கான தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம். ஆழம் மட்டும் இரண்டு எண்களாக இருக்கும்: இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பதானால் 1 மீட்டர், மூன்று வருஷத்துக்கு ஒருமுறையானால் 1.05 மீட்டர். எப்போது எடுக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் தொட்டியின் ஆழத்தையே தீர்மானிக்க முடியாது என்பது இதன் பொருள். தரநிலைப்படி தொட்டி கசியக் கூடாது, வெளியேறும் நீர் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும், வாயு வெளியேறக் காற்றுக் குழாய் உயர்ந்து நிற்க வேண்டும்.

வீடு கட்டுகிற கொத்தனாரிடம் அந்த அட்டவணை போய்ச் சேரவில்லை. இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பெரிய குழி. பல ஊர்களில் சிமென்ட் உறைகளை அடுக்கி, அடியில் தளம் போடாமல் விட்டுவிடுவார்கள். நீரெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும், தொட்டி நிரம்பவே நிரம்பாது. “வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சு, ஒரு தடவகூட எடுத்ததில்ல” என்று பெருமையாகச் சொல்பவர் எல்லாத் தெருவிலும் ஒருவராவது இருப்பார். அவர் வீட்டு ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கேட்டால்தான் பேச்சு மாறும். கடலூர் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2015 நவம்பர் போல மழை கொட்டும் வருஷங்களில் நிலத்தடி நீர்மட்டம் ஏறி, உறிஞ்சு குழி உறிஞ்சுவதை நிறுத்திவிடும். பெய்த மழையும் தொட்டி நீரும் முற்றத்தில் கலந்துவிடும்.

நிரம்பிய தொட்டியை யார் எடுத்தார்கள் என்ற இடத்தில்தான் இந்த வரலாறு தலைகுனிய வேண்டியிருக்கிறது. எடுப்புக் கழிப்பிடக் காலத்தில் வாளியும் தகரமும் சுமக்க வைக்கப்பட்ட அதே சாதிகளைச் சேர்ந்தவர்களைத்தான் தொட்டிக் காலத்திலும் கூப்பிட்டார்கள். கருவி மாறவில்லை, கயிறு மட்டும் சேர்ந்துகொண்டது. மூடியைத் திறந்தவுடன் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அடர்த்தி கூடினால் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் இறங்குகிற படியிலேயே மயங்கி விழுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகள் பெரும்பாலும் இப்படி நிகழ்ந்தவை. 1993 முதலான அரசுக் கணக்கில் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அதிகம் பேரைப் பலிகொடுத்த மாநிலம் தமிழ்நாடு. வேறு பல பட்டியல்களில் முதலிடம் பிடித்ததைப் பறைசாற்றும் மாநிலம் இதை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் வந்த முதல் சட்டம் உலர் கழிப்பிடத்தைத் தடுத்ததே தவிர, தொட்டிக்குள் இறங்குவதைப் பற்றி அழுத்தமாகப் பேசவில்லை. 2013 டிசம்பர் 6 முதல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் சட்டம்தான் அதைக் குற்றமாக்கியது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரர் மட்டுமல்ல, கூப்பிட்ட வீட்டுக்காரரும் இதில் சிக்குவார். உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

சட்டத்தை முந்திக்கொண்டு லாரி வந்துவிட்டது. பழைய லாரியின் மேல் உருளைத் தொட்டி, அதோடு காற்றை உறிஞ்சும் பம்ப், வளையம் வளையமாகச் சுற்றிய தடித்த குழாய். விளம்பரம் மின்கம்பத்திலும் குட்டிச் சுவரிலும் பெயின்டில் எழுதிய பத்து இலக்க எண். வேலை நடப்பதைப் பார்த்தால் எளிது போலத் தோன்றும். வண்டி தெருவிலேயே நிற்கும். குழாயை வீட்டின் பக்கச் சந்து வழியாக இழுத்துக்கொண்டு போவார்கள். கடப்பாரையால் மூடியை நெம்பிச் சற்று நேரம் திறந்து வைப்பார்கள், வாயு போக. மேலே கட்டியிருக்கும் ஆடையை நீளக் கழியால் உடைப்பார்கள், அடிக்கசடு இறுகியிருந்தால் தண்ணீர் அடித்துக் கலக்குவார்கள். பம்ப் ஓடத் தொடங்கியதும் குழாய் உயிர் வந்ததுபோல் துள்ளும், அதைக் காலால் மிதித்துப் பிடிக்க ஒருவர் வேண்டும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கூலி ‘லோடு’ கணக்கு. இரண்டாவது லோடு தேவையா இல்லையா என்பதில்தான் வீட்டுக்காரருக்கும் டிரைவருக்கும் வாக்குவாதம் வரும். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் வெறும் செருப்போடு குழாய் பிடிப்பவரைப் பார்த்து அந்த வாக்குவாதம் பெரும்பாலும் எழுவதில்லை.

இந்த லாரிக்காரர்களைப் பற்றிய ஏளனம் தமிழகத்தில் ஏராளம். ஆனால் அரசும் நகராட்சியும் பல பத்தாண்டுகள் கைவைக்காத ஒரு சேவையை, கடன் வாங்கி வண்டி கட்டி, கூப்பிட்ட மாத்திரத்தில் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். தொட்டிக்குள் ஆள் இறங்குவது குறைந்ததற்கு எந்தத் திட்டத்தையும்விட அந்த வண்டிகளுக்குக் கூடுதல் பங்கு உண்டு.

அவர்களிடம் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருந்தது: லோடு எங்கே போகிறது? ஏரிக்கரை, ஓடை, புறவழிச்சாலையின் பள்ளம், கேட்டு வாங்கும் விவசாயியின் வயல் என்பவைதான் விடைகளாக இருந்தன. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கொட்டுவதற்கென்று ஓர் இடத்தை யாரும் கட்டி வைக்கவில்லை. 2014இல்தான் தமிழக அரசு மலக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. நகரமோ கிராமமோ, அருகில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தோடு ஊர்களைத் தொகுத்து இணைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மறு ஆண்டு கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் மலக்கசடுக்கென்றே ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2017இல் மதுராந்தகம் அருகே கருங்குழியில் முதல் நிலையம் வந்தது. நாளுக்குச் சுமார் 23 ஆயிரம் லிட்டர் கசடைப் படுகைகளில் பரப்பி வடிகட்டி உலர்த்தும் இடம் அது. திருச்சியில் வேறு வழி: லாரிகள் பாதாளச் சாக்கடையின் நீரேற்று நிலையத்திலேயே கொட்டலாம். கோவைக்கு அருகே பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் முன்மாதிரிப் பேரூராட்சிகளாயின. அடுத்து லாரிகளின் முறை. 2023இல் நடைமுறைக்கு வந்த விதிகள், நகர்ப்புறத்தில் ஓடும் கழிவுநீர் லாரிகளுக்கு உரிமத்தையும் ஜிபிஎஸ் கருவியையும் கட்டாயமாக்கின. உரிமம் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்.

நெய்வேலியைச் சுற்றிய குடியிருப்புகளின் நிலவரம் இதில் கொஞ்சம் விநோதமானது. நகரியம் நிறுவனத்தின் கையில். மந்தாரக்குப்பம் கங்கைகொண்டான் பேரூராட்சியில். வடலூர் 2021 முதல் நகராட்சி. வடக்குத்து கிராம ஊராட்சி. ஒரே லாரி ஒரே நாளில் நான்கு நிர்வாகங்களின் தெருக்களில் ஓடலாம், நகர்ப்புற விதி அவற்றில் இரண்டைத்தான் நேரடியாகத் தொடும்.

தமிழ்நாட்டில் இன்றும் பழக்கம் ஒன்றுதான்: தொட்டி பொங்கினால் போன் போடுவது. மகாராஷ்டிரத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் உள்ள வாய் என்ற சிறு நகரம் 2018 முதல் வேறு மாதிரி செய்கிறது. வீடு கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தெருத்தெருவாக லாரி வரும், செலவு சுகாதார வரியில் அடங்கிவிடும், லோடு பேரம் கிடையாது. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் ஓர் அலகை எந்த மாதம் நிறுத்திப் பழுது பார்ப்பது என்று முன்கூட்டியே நாள் குறிக்கிறார்கள். அந்த அட்டவணையைப் போட்டுக் கைபழகிய ஓய்வுபெற்றவர்கள் இந்திரா நகரில் ஒரு தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். தெரு முழுக்க ஒரே வாரத்தில் லாரியை வரவழைத்தால் வாடகை குறையுமா என்று டிரைவரிடம் கேட்டுப் பார்க்க அவர்களுக்கு அரசாணை எதுவும் தேவையில்லை.