தண்ணீர்த் தொட்டியில் பிறந்த அம்பலம்

கடுகண்ணாவைக் கணவாயில், பழைய கண்டி வீதியோரம் ஓர் அம்பலம் நிற்கிறது. சிங்களத்தில் அதை 'அம்பலம' என்பார்கள். நம்முடைய சொல்லுக்கு உறவான சொல்தான். தில்லையில் ஆடலரங்கு, கேரளத்தில் கோயில், கண்டி நாட்டில் வழிப்போக்கர் தங்குமிடம் என்று பயன் மாறினாலும், ஊருக்குப் பொதுவான இடம் என்ற கருத்து அச்சொல்லை விட்டு அகலவில்லை. (தில்லையில் நந்தனார் வெளியே நின்ற கதை வேறு. சொல் கொடுத்த வாக்கை மனிதர் எப்போதும் காப்பாற்றுவதில்லை.)

அமெரிக்காவின் சிக்காகோ நகர நடுவிலும் ஓர் அம்பலம் உண்டு. சிக்காகோ கலாசார நிலையம் என்று அதற்குப் பெயர். அதன் வரலாறு நெருப்பில் தொடங்குகிறது.

1871 ஒக்டோபரில் மூண்ட பெருந்தீயில் சுமார் 300 பேர் மாண்டனர். ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். செய்தி அறிந்து இங்கிலாந்தில் தோமஸ் ஹியூஸ் என்ற நாவலாசிரியர் முன்னின்று நூல்கள் திரட்டினார். விக்டோரியா மகாராணி கொடுத்தார்; கவிஞர் டெனிசன் கொடுத்தார். 8,000க்கு மேற்பட்ட நூல்கள் கப்பலேறின. எரிந்துபோன பொது நூலகத்துக்கு ஈடு செய்வதாகக் கொடுத்தவர்கள் எண்ணினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்நகரில் அதற்குமுன் இலவசப் பொது நூலகமே இருக்கவில்லை! வந்த கொடைக்காகவே நூலகம் உண்டாயிற்று. 1873 ஜனவரி முதலாம் திகதி அது திறக்கப்பட்ட இடம், தீக்குத் தப்பிய ஓர் இரும்புத் தண்ணீர்த் தொட்டி.

நூலும் நெருப்பும் என்றதும் நமது நெஞ்சு யாழ்ப்பாணத்துக்குத்தான் ஓடும். 1981 மே 31ஆம் திகதி இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. சிக்காகோவை எரித்தது விபத்து. இங்கே எரித்தவை மனிதரின் கைகள். ஓலைச்சுவடிக்கு எந்த மகாராணியும் ஈடு அனுப்ப முடியாது.

சிக்காகோ நூலகத்துக்கு 1897இல் மாளிகை எழுந்தது. வாருங்கள், உள்ளே போவோம். நுழைவுச்சீட்டு இல்லை. சலவைக்கல் படிகளின் இருமருங்கும் வண்ணக்கல் பதித்து, பல மொழிகளில் நூலின் பெருமையை எழுதியிருக்கிறார்கள். கிரேக்கம், எபிரேயம், அரபு, சீனம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை, கண் தேடத்தான் செய்யும். மேலே 38 அடி விட்டமுள்ள கண்ணாடிக் குவிமாடம். டிஃபனி பட்டறையின் வேலை. மீன்செதில் போல ஆயிரக்கணக்கான துண்டுகள்.

இதையும் இடிக்கலாமா என்று பேசிய காலம் ஒன்று இருந்தது. நகர மேயர் டேலியின் மனைவியே பகிரங்கமாக மறுத்துப் பேசினார். 1977இல் கட்டடம் கலாசார நிலையமாயிற்று. 1991இல் நூல்கள் புதிய மனைக்குப் போய்விட்டன. புத்தகம் போனபின்னும் கதவை மூடவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். ஓவியக் கண்காட்சியும் இசையும் நடனமும் அங்கே இலவசம். கலை பார்க்க வந்தவரா, பனிக்கு ஒதுங்கியவரா என்று வாசலில் எவரும் விசாரிப்பதில்லை.

குவிமாடத்தை 1930களில் பாதுகாப்புக்காக வெளியே மூடியிருந்தார்கள். பல தலைமுறையினர் அதனை மின்விளக்கில்தான் கண்டார்கள். 2008இல் அந்த மூடியை அகற்றிச் செப்பனிட்டபோது, செதில் செதிலாக மீண்டும் வெயில் இறங்கிற்று.