முட்டாள் நாற்றும் குளிர் தாங்கும் நாற்றும்

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் போட்டோவுல ஆரம்பிக்குது. போன மார்கழியில பாகூர்ல இருக்குற என் சித்தப்பா ஒரு பாட்டிலோட லேபிளை அனுப்பினார். "தம்பி, இதை மிளகா நாத்துக்கு அடிச்சா பனி தாங்குமாம். கடைக்காரர் சொல்றார். நெட்ல பாத்துச் சொல்லு."

சித்தப்பா குழித்தட்டுல மிளகாய், கத்தரி நாற்று வளர்த்து விக்கிறவர். நான் கோடு எழுதுறவன். லேபிள்ல இருந்த பெயர் பக்லோபியூட்ரசால். அதைத் தேடப் போய், நூறு வருஷம் பின்னாடி ஒரு நெல் வயல்ல போய் நின்னேன்.

ஜப்பான்ல அப்போ ஒரு நெல் நோய். சில நாற்றுகள் மட்டும் மத்ததைவிட மடமடன்னு உயரும். வெளிறி, ஒல்லியாகி, பலதும் கதிர் பிடிக்காமலே சாகும். அதுக்கு அங்க பேரு 'பக்கானே', முட்டாள் நாற்று. 1926ல், ஜப்பான் ஆட்சியில இருந்த தைவான்ல வேலை பார்த்த குரோசாவா எய்ச்சி ஒரு சோதனை செஞ்சார். நோய்ப் பூஞ்சை வளர்ந்த திரவத்திலிருந்து பூஞ்சையை நீக்கிட்டு, திரவத்தை மட்டும் நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். அதுவும் நெட்டையா வளர்ந்தது. அப்படின்னா உயரத்தைக் கூட்டினது பூஞ்சை சுரந்த ஒரு பொருள். 1935ல் யாபுதா தெய்ஜிரோ அதுக்கு ஜிப்ரெல்லின்னு பேர் வெச்சார். 1938ல் அவரும் சுமிகியும் அதைப் படிகமாவே எடுத்தாங்க.

அப்புறம்தான் பெரிய ட்விஸ்ட். 1958ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் பீன்ஸ் விதையிலயும் ஜிப்ரெல்லினைக் கண்டுபிடிச்சாங்க. அதாவது நோயில்லாத செடியும் தானே இதைச் சுரக்குது, அளவாச் சுரக்குது. பூஞ்சை அந்த அளவை மீறினதுதான் நோய்.

கேள்வி இப்போ தலைகீழாச்சு: ஜிப்ரெல்லினைக் குறைச்சா? 1966ல் வந்த ஐ.ஆர்.8 நெல் குட்டையா, உரம் போட்டாலும் சாயாம நின்னதுக்கு, அதுல ஜிப்ரெல்லின் குறைவா உருவாகுறதுதான் காரணம்னு 2002ல் தெரிஞ்சது. அந்தக் குட்டை மரபணு வந்ததும் ஒரு தைவான் நெல்லிலிருந்துதான். நெல்லுல மரபணு செஞ்ச வேலையை மருந்தாலயும் செய்யலாம். பக்லோபியூட்ரசால் அப்படி ஒண்ணு. பூஞ்சைக்கொல்லிகள் பல இருக்குற டிரையசோல் குடும்பம். ஜிப்ரெல்லின் உருவாகும் வழியை அடைக்கும். இந்த வகை மருந்து பட்ட நாற்றுகள் குட்டையா, கரும்பச்சையா, தண்டு தடிச்சு இருந்ததோட, குளிரையும் வறட்சியையும் கூடுதலாத் தாங்குறதை ஆய்வாளர்கள் கவனிச்சாங்க. கடலூரைத் தாண்டி இருக்குற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல, 1990கள்ல இதே குடும்பத்து மருந்தை வெச்சு சோயா நாற்று உப்பைத் தாங்குமான்னும் சோதிச்சிருக்காங்க.

குளிர் எப்படித் தாங்குது? 2008ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்ல இருந்து ஒரு ஆய்வு வந்தது. குளிர் பட்டதும் செடி தானாவே தன் ஜிப்ரெல்லினை அழிச்சு, வளர்ச்சிக்கு பிரேக் போடுது. உயருறதை நிறுத்திட்டுப் பிழைக்கப் பார்க்குது. மருந்து செய்றது அதே வேலையை, குளிர் வர்றதுக்கு முன்னாடியே.

அப்போ சித்தப்பா அடிக்கலாமா? இங்கதான் எனக்குப் பயம் வந்துச்சு. மிளகாய், கத்தரியெல்லாம் அடிபடுறது சுமார் 10 டிகிரிக்குக் கீழ போனா. பாகூர் மார்கழி ராத்திரி 20 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் உறைபனி வேற கதை. லேபிள்ல மாமரத்துக்கான அளவுதான் போட்டிருந்துச்சு. குழித்தட்டு நாற்றுக்கு அது கொஞ்சம் கூடினாலும், நட்ட பிறகும் செடி எழும்பாது. மண்ணுல மாசக்கணக்குல தங்கும். நஷ்டம் சித்தப்பாவோட நிக்காது. அவர் நாற்றை நம்பி நடுறவங்க வயல்ல போய் முடியும்.

போன் பண்ணிச் சொன்னேன். "அப்போ என் நாத்து ஏம்பா மந்தமா நிக்குது?"ன்னார். மூடின வானம், ஈரம் காயாத தட்டு, நாற்றழுகல். தண்ணியைக் குறைச்சு, நிழல்வலையை விலக்கி, நடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியிருந்தே வெயில்ல பழக்குனா நாற்று தானே வளர்ச்சியைக் குறைச்சு உறுதியாகும்னேன். "அதைத்தானே எங்கப்பா செஞ்சார்"னு சிரிச்சார்.

பாட்டில் இன்னும் திறக்காம ஷெட்ல இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.